ஒன்றரை அங்குலக் கட்டை

சிப்பிகாட்டில் எங்கள் வீட்டு முன்னால் நின்ற ஜீப்பின் பானெட்டைத் திறந்தால், உள்ளே இருந்ததெல்லாம் ஒன்றுக்கொன்று சொந்தமில்லாத சாமான்கள். எஞ்சின், பட்டாளத்துக்காரர்கள் ஏலத்தில் கழித்துவிட்ட ஜீப்பினுடையது. ரேடியேட்டர், ரோடு போடுகிற காண்டிராக்டர் கொட்டகையில் துருப்பிடித்துக் கிடந்த லாரியினுடையது. தண்ணீரை ஓடவைக்கிற பம்ப் மெட்ராஸிலிருந்து கப்பலில் வந்தது. அது எந்த வண்டிக்காகச் செய்ததோ, எங்கள் வண்டிக்காக இல்லை. இந்த மூன்றையும் சண்டை போடாமல் ஓரிடத்தில் இருக்கவைக்க ஒரு மனிதர் பட்ட பாட்டைத்தான் சொல்கிறேன். கேளுங்கள் கண்ணுகளா. வண்டிக் கதை என்று எழுந்து போய்விடாதீர்கள். இதில் ஒரு பெண்பிள்ளை இருக்கிறாள்.

அந்த மனிதர் என் வீட்டுக்காரர். பெயர் ஜம்புலிங்கம். வாயால் சொன்னதில்லை, எழுதினால் குற்றமில்லை என்று எழுதுகிறேன். வீட்டில் நான் அவரைச் சரசு அப்பா என்றுதான் கூப்பிடுவது. சரசு நான் பெற்றவள் இல்லை. அவளைப் பெற்ற இந்திராணி அறுபத்திரண்டாம் வருஷத்து மழையில் காய்ச்சல் கண்டு போய்விட்டாள். அடுத்த வருஷம் பரமக்குடிப் பக்கத்திலிருந்து புறப்பட்டு, மெட்ராஸில் கப்பலேறி, வழியெல்லாம் வாந்தியெடுத்துக்கொண்டு, இரண்டாம் தாரமாக நான் இந்தத் தீவில் வந்து இறங்கினேன். எனக்கு இருபத்திரண்டு வயது. சரசுவுக்கு ஏழு.

மூன்று மாதம் அவள் என்னோடு பேசவில்லை. கோபமெல்லாம் இல்லை. கேட்டதற்குத் தலையாட்டுவாள், வைத்ததைச் சாப்பிடுவாள். சாப்பிடும்போது மட்டும் ஒரு மணைப்பலகையை எடுத்துவந்து போட்டு அதன்மேல் உட்காருவாள். பலா மரத்து மணை, நல்ல கனம். இந்திராணி கல்யாணத்தன்று உட்கார்ந்தது. அதைக் கப்பலில் மடியில் வைத்துக்கொண்டே வந்தாளாம். நான் அதைத் துடைத்து வைப்பேன், உட்கார மாட்டேன். ஒருநாள் தரையெல்லாம் மழைத்தண்ணீர் கசிந்து கிடந்தது. நான் தட்டை வைத்துக்கொண்டு நின்றபடியே தின்றுகொண்டிருந்தேன். சரசு என்னை ஒருதரம் பார்த்தாள். பிறகு ஓரமாக நகர்ந்து, பாதி மணையைக் கையால் தட்டினாள்.

“சித்தி, இங்க உக்காருங்க.”

இரண்டு பேருக்கு அது காணாது. ஆளுக்குப் பாதி இடுப்பு வெளியே இருக்க, தோளோடு தோள் இடித்துக்கொண்டு சாப்பிட்டோம். அன்றிலிருந்து மூன்று வருஷம் அப்படித்தான். அவள் வளர வளர இடம் குறைந்துகொண்டே வந்தது, அவ்வளவுதான்.

அறுபத்தாறில் சரசு ஐந்தாவது முடித்தாள். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் அதோடு சரி. ஆறாவது படிக்க போர்ட் பிளேருக்குப் போகவேண்டும். காலையில் ஒரே ஒரு பஸ், அதுவும் பள்ளிக்கூட மணி அடித்தபிறகுதான் போய்ச்சேரும். தங்கிப் படிக்க அங்கே எங்களுக்கு ஒருவரும் இல்லை. இந்தச் சமாச்சாரம் கடிதத்தில் பரமக்குடிக்குப் போய், இந்திராணியின் அண்ணன் பக்தவத்சலம் கப்பலில் வந்து இறங்கினார்.

அவரைத் தப்பாக நினைத்துவிடாதீர்கள். ஜவுளிக்கடையில் கணக்கப்பிள்ளை, அதிர்ந்து பேசாதவர். பிள்ளையில்லை. அவர் சம்சாரம் சரசுவுக்காக இரண்டு பாவாடை தைத்துக் கொடுத்தனுப்பியிருந்தாள். அளவு தெரியாமல் தைத்தும் சரியாக இருந்தது. என்னை அவர் முதல் நாளே தங்கச்சி என்றுதான் கூப்பிட்டார். செத்துப்போன தங்கையின் இடத்தில் நின்றவளை அப்படிக் கூப்பிட எல்லாருக்கும் வராது.

வந்த விஷயத்தையும் மறைக்கவில்லை. சரசுவைக் கூட்டிப்போகத்தான் வந்தேன், திரும்பிப் போக இரண்டு டிக்கெட் எடுத்திருக்கிறேன், பரமக்குடியில் வீட்டுக்கு எதிரிலேயே பள்ளிக்கூடம் என்று சொன்னார். சரசு அப்பா அவரை வெளியே அழைத்துப்போய் ஜீப்பைக் காட்டினார். அதில் பாதி வேலை முடிந்திருந்தது. பம்ப் இல்லாததால் மீதி நின்றது. அந்தப் பம்பை வாங்கிவரச் சொல்லி மச்சானுக்குத்தான் எழுதியிருந்தார், அவரும் வாங்கிவந்திருந்தார்.

“இது ஓடுச்சுன்னா நானே தினம் கொண்டுபோய் விட்டுக் கூட்டிட்டு வருவேன் மச்சான். ஊர்ப் புள்ளைங்களையும் ஏத்திக்குவேன். சரசு எங்ககூடவே இருக்கட்டும்.”

கப்பல் கல்கத்தா போய்த் திரும்பி மறுபடி மெட்ராஸுக்குக் கிளம்ப இருபத்துநான்கு நாள் இருந்தது. பக்தவத்சலம் யோசித்தார். கடைசியில், பள்ளிக்கூடம் திறந்த நாளிலிருந்து கப்பல் கிளம்புகிறவரைக்கும் பிள்ளை ஒருநாள்கூட மணிக்குப் பிந்தாமல் போய்விட்டால் நான் தனியாகவே போகிறேன், பிந்தினால் கூட்டிப்போவேன் என்றார். சரசு அப்பா சரியென்று கையைப் பிடித்துக்கொண்டார். பள்ளிக்கூடம் திறக்க ஐந்து நாள் இருந்தது.

பெட்டியைப் பிரித்துப் பம்பை எடுத்துப் பார்த்ததும் அவர் சிரித்துவிட்டார். அதன் தண்டு வேண்டியதைவிட ஒரு அங்குலத்துக்கு மேல் நீளம்.

“என்ன மாப்பிள்ள, தப்பா குடுத்துட்டானா? ஜீப்புக்குன்னு தானே கேட்டேன்,” என்றார் பக்தவத்சலம், முகம் வாடி.

“மெயின்லேண்ட் கடைக்காரனுக்கு ஜீப்புன்னா எல்லாம் ஒரே ஜீப்பு. விடுங்க, சலேகா.”

இந்தத் தீவில் அந்தச் சொல்தான் பாதி வண்டிகளை ஓட்டியது. சலேகா, ஓடும், போதும். மாற்றி வாங்க வேண்டுமென்றால் கடிதம் போக ஒரு கப்பல், சாமான் வர ஒரு கப்பல்.

அந்த ஐந்து நாளும் அவர் செய்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். எஞ்சினிலிருந்து வெந்நீர் வெளியேறுகிற வாய் சிறியது, ரேடியேட்டர் வாய் பெரியது. சிறிய வாயில் சைக்கிள் டியூப்பை வெட்டிச் சுற்றிச்சுற்றிப் பருமனாக்கி, அதன்மேல் ரப்பர்க் குழாயை ஏற்றிக் கம்பியால் முறுக்கினார். பெல்ட் நீளம் போதவில்லை. டைனமோவைப் பிடிக்கிற இரும்பின் துளையை அரத்தால் ராவி ராவி நீட்டி, டைனமோவையே உள்ளே தள்ளிக்கொடுத்தார். பேட்டரிக்கு இடமில்லாமல் போனது. அதை ஓட்டுகிறவருக்குப் பக்கத்துச் சீட்டுக்கு அடியில் கொண்டுபோய், வயர் வருவதற்குக் காலடித் தகரத்தில் ஒரு துளை போட்டார். கை நுழைகிற துளை. பிறகு அடைத்துக்கொள்ளலாம் என்றார்.

எல்லாம் சேர்ந்தது, விசிறியைத் தவிர. பம்பின் தண்டு நீளமாக இருந்ததால் அதன் நுனியில் இருந்த விசிறி முன்னால் வந்து ரேடியேட்டரைத் தொட்டது. விசிறியைப் பின்னால் தள்ள முடியாது. அதனால் ரேடியேட்டரை முன்னால் தள்ளவேண்டும். அதற்கு ரேடியேட்டர் காலுக்கும் வண்டிச் சட்டத்துக்கும் நடுவே ஒன்றரை அங்குல கனத்தில் இரண்டு கட்டை கொடுத்து, போல்ட் போட்டு இறுக்கவேண்டும். இரும்பில் செய்து பற்றவைக்க சர்க்கார் ஒர்க்ஷாப்பில் மனுக் கொடுத்துக் காத்திருக்கவேண்டும். டயர் ரப்பரை வெட்டி வைத்துப் பார்த்தார். முதல் பள்ளத்திலேயே அது அமுங்கி, ரேடியேட்டர் பெருமாள் மாடுபோலத் தலையாட்டியது. மரம்தான் சரி. அதுவும் நன்றாகக் காய்ந்த மரம்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆகிவிட்டது. மறுநாள் பள்ளிக்கூடம். எங்கள் குடியிருப்பில் எல்லாம் புது வீடுகள், அப்போது வெட்டி அப்போது நட்ட பச்சை மரத்தூண்கள். நான் அடுப்படியிலிருந்து வந்து பார்த்தால், சரசு அப்பா அந்தப் பலா மணையைக் கவிழ்த்துப்போட்டு அளவுகோல் வைத்துக்கொண்டிருந்தார்.

நான் அதைப் பிடுங்கிக்கொண்டேன்.

“இது இந்திராணி அக்கா மணை.”

“எனக்குத் தெரியாதா? இந்த ஊர்லயே காய்ஞ்ச மரம் இது ஒண்ணுதான்.”

“நாளைக்குப் புள்ள மணை எங்கன்னு கேப்பா. உங்கம்மா மணைய அறுத்து ஜீப்புக்குள்ள போட்டாச்சுன்னு நீங்க சொல்ல மாட்டீங்க. நான்தான் சொல்லணும்.”

அவர் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். சரசு அப்போது மாமாவோடு நீரோடைப் பக்கம் போயிருந்தாள். நான் மணையைத் துணியில் சுற்றிப் பரண்மேல் வைத்துவிட்டு, கண்ணையா வீட்டுக்கு ஓடினேன்.

கண்ணையா சாத்தம் மரமில்லில் வேலை பார்த்தவர். தீவிலேயே பிறந்தவர், அவருடைய தாத்தா காலத்திலேயே வந்த குடும்பம். தமிழும் இந்தியும் ஒரே வாயில் வரும், என்னைப் பாபி, அதாவது அண்ணி, என்றுதான் கூப்பிடுவார். அவர் வீட்டுக்கடியில் சிவப்பாகப் படாக் மரத்துண்டுகள் கிடந்தன. நான் விஷயத்தைச் சொன்னதும் ஒரு துண்டை உருவிக் கொடுத்தார்.

“பக்கா மால், பாபி. படகு கட்றாங்க இதுல, வீடு கட்றாங்க. ஒரு ஜீப்புக்கு ஆகாதா?”

“காய்ஞ்சதா அண்ணே?”

“படாக்குக்கு ஈரமென்ன, காய்ச்சலென்ன? அசையாது. லே ஜாவோ, எடுத்துட்டுப் போங்க.”

இந்தத் தீவில் அப்படித்தான் எல்லாரும் நம்பினோம். படாக் என்றால் கரையான் தொடாது, மழை தொடாது, வளையாது, வெடிக்காது. மரத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தேன். கனத்தது. இடுப்பில் சில்லென்றும் இருந்தது. காய்ந்த மரம் சில்லென்று இருக்காது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். அந்த நேரத்தில் பரண்மேல் இருந்த மணை ஒன்றுதான் என் நினைப்பில் இருந்தது.

“காய்ஞ்சதுதானே?” என்று சரசு அப்பாவும் கேட்டார்.

“ம்,” என்றேன்.

இரண்டு கட்டையாக அறுத்துத் துளை போட்டு வைத்து இறுக்கினார். விசிறிக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே அவருடைய சுண்டுவிரல் நுழைந்து வந்தது. அவ்வளவு இடைவெளி போதும் என்றார். எஞ்சினைக் கிளப்பினார். விசிறி காற்றாகச் சுழன்றது. சரசு கைதட்டவில்லை, அவள் அப்படிப்பட்ட பிள்ளை இல்லை. உள்ளே போய்ப் புத்தகப் பையை எடுத்துவந்து முன் சீட்டில் வைத்துவிட்டு வந்தாள். மறுநாளுக்கு இடம் பிடித்துவைத்தாள்.

முதல் நாள் மணி அடிக்கக் கால் மணி நேரம் முன்னாலேயே போய்ச் சேர்ந்தார்கள். இரண்டாம் நாளும். பக்தவத்சலம் கைக்கடிகாரத்தோடு பின் சீட்டில் போய்வந்தார். முதல் வாரம் கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டாம் வாரம் வண்டியில் வந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தார். வீட்டில் சரசுவை ஏய் டிரைவர் மகளே என்று கூப்பிட ஆரம்பித்தார். அவள் போங்க கணக்கப்பிள்ள மாமா என்பாள்.

தினம் சாயங்காலம் வண்டி வந்து நின்றதும் சரசு அப்பா பானெட்டைத் திறந்து, அந்த இரண்டு போல்ட்டிலும் ஸ்பேனரை வைத்து ஒரு இறுக்கு இறுக்குவார். தினமும் அது கொஞ்சம் சுற்றும். கால் சுற்று, சில நாள் அரைச் சுற்று. நான் பார்த்தேன். அது வண்டிக்காரர்கள் தினமும் செய்கிற வேலை, மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவதுபோல என்று நினைத்துக்கொண்டேன். கேட்கவில்லை.

வெளியே விடாத மழை. பானெட்டுக்குள் மட்டும் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

கப்பல் சனிக்கிழமை. புதன்கிழமை சாயங்காலம் பக்தவத்சலம் வண்டியிலிருந்து இறங்கியதும் நேரே என்னிடம் வந்தார். கையில் கழுவி வைத்த சூரை மீன். ஜெட்டியில், அதுதான் கப்பல் துறையில், வாங்கினாராம்.

“தங்கச்சி, இன்னைக்கு நல்லா காரமா வையி. நாளைக்கு உங்க எல்லாரையும் கூட்டிட்டுப் போய் ஒரு டிக்கெட்டத் திருப்பிக் குடுக்கப்போறேன். மிச்சம் ரெண்டு நாளைக்கு என்ன பரீட்சை? எம்பொண்டாட்டிக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்.”

சரசு அப்பா வண்டிக்குப் பக்கத்தில் நின்றார். இதைக் கேட்டதும் கையிலிருந்த ஸ்பேனரை வண்டி மட்கார்டின் மேல் வைத்துவிட்டு வந்து மச்சானைக் கட்டிக்கொண்டார். இரண்டு பேரும் அப்படியே உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். அந்தச் சாயங்காலம் போல அவர் பேசி நான் கேட்டதில்லை. லாரி ஓட்டிய கதை, இந்திராணி கப்பலில் மணையை யாரிடமும் கொடுக்காமல் சண்டை போட்ட கதை. என் எதிரில் அவர் அவளைப் பற்றிச் சிரித்துப் பேசியது அன்றுதான். எனக்கு வருத்தமாக இல்லை. வீடு நிறைந்திருந்தது. வண்டி ஓடிய முதல் நாளே பரணிலிருந்து நான் இறக்கிவிட்டிருந்த மணையில் சரசு என்னைத் தள்ளி உட்காரவைத்து, எனக்கு இனிமே முழுசா வேணும் சித்தி, நீங்க குண்டாயிட்டீங்க என்றாள். தள்ளினாளே தவிர எழுப்பவில்லை.

ஸ்பேனர் மட்கார்டின் மேலேயே கிடந்தது.

வியாழக்கிழமை காலை, டிக்கெட்டைத் திருப்பிக் கொடுக்க நானும் கிளம்பினேன். அந்த ஜீப்பில் நான் ஏறியது அதுதான் முதல் தடவை. கல்யாணப் புடவையைக் கட்டிக்கொண்டேன். ஊர்ப் பிள்ளைகள் வீடுகளில் அன்று என்னவோ விசேஷம், எங்களைத் தவிர வண்டியில் யாரும் இல்லை. அது தெய்வச் செயல். சரசு முன்னால் அப்பா பக்கத்தில். நானும் பக்தவத்சலமும் பின்னால்.

கராச்சரமா ஏற்றத்தில் ஒரு பள்ளம். வண்டி குதித்தது. தகரத்தை யாரோ ஆணியால் கிழிக்கிற சத்தம் முன்னாலிருந்து வந்தது. அந்தச் சத்தம் முடிவதற்குள், பேட்டரி வயருக்காகப் போட்ட துளை வழியாகக் கொதிக்கிற தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு சரசுவின் காலில் அடித்தது.

அப்பா என்று ஒரே ஒருதரம் கத்தினாள்.

எஞ்சின் நின்றது. வண்டி பின்னால் உருண்டது. பக்தவத்சலம் குதித்து ஒரு கல்லை உருட்டிச் சக்கரத்துக்கு அடியில் கொடுத்தார். சரசு அப்பா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார். ஒரு கல் லாரி வந்தது. அதில் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் அவளுடைய பள்ளிக்கூடத்தைத் தாண்டினோம். மணி அடித்துக்கொண்டிருந்தது. என் மடியில் கிடந்த சரசு தலையைத் தூக்கி அந்தப் பக்கம் பார்த்தாள்.

இரண்டு பாதத்திலும் தோல் கொப்புளித்திருந்தது. ஆறிவிடும், தழும்பு இருக்கும் என்றார் டாக்டர்.

சாயங்காலம் பிள்ளையைப் படுக்கவைத்துவிட்டு வந்து உட்கார்ந்தோம். பக்தவத்சலம்தான் முதலில் வாயைத் திறந்தார்.

“இது எல்லா வண்டியிலயும் நடக்குறதுதான் மாப்பிள்ள. டிக்கெட் என் பையிலதான் இருக்கு. நாளைக்குப் போய்க் குடுத்திடறேன்.”

“வேண்டாம் மச்சான். கூட்டிட்டுப் போங்க.”

“ரோஷத்துல பேசாதீங்க. நான் ஒண்ணும் சொல்லலையே.”

“ரோஷம் இல்ல. இன்னைக்குக் கால்ல பட்டுச்சு. நான் ஒட்டுப்போட்ட வண்டியில எம்புள்ளைய இனி ஏத்த மாட்டேன். ஏத்தலைன்னா அவளுக்குப் பள்ளிக்கூடம் இல்ல. என்ன செய்யச் சொல்றீங்க?”

அப்போது நான் பேசியிருக்க வேண்டும். வண்டியை இழுத்துவந்து போட்டதும் அந்த இரண்டு கட்டைகளையும் நான் போய்ப் பார்த்திருந்தேன். அனலில் காய்ந்து சுருங்கி, ஒன்று நடுவில் விரிசல் விட்டிருந்தது. போல்ட் கையாலேயே சுற்றியது. ரேடியேட்டர் பின்னால் சாய்ந்து, விசிறி அதைக் கடித்துத் தின்றிருந்தது. பச்சை மரம். நான் கொண்டுவந்த மரம். உங்கள் கைவேலையில் குற்றமில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் மனசு மாறியிருக்குமோ என்னவோ. ஆனால் பக்தவத்சலம் எதிரில் உட்கார்ந்திருந்தார். இளையதாரம் கொண்டுவந்த கட்டையால் பிள்ளை கால் வெந்தது என்று பரமக்குடியில் ஒரு பேச்சு புறப்பட்டால் என்ன ஆகும் என்று பயந்தேன். என் பெயரைக் காப்பாற்றிக்கொண்டு, பிள்ளைக்குக் கஞ்சி வைக்க எழுந்துபோனேன். கண்ணுகளா, வாயை மூடிக்கொண்டு நல்லவளாக இருந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை பெட்டி கட்டினேன். இரண்டு புதுப் பாவாடை, பள்ளிக்கூடப் புத்தகம், அவள் பொறுக்கி வைத்திருந்த சங்கு. மணையைத் துடைத்து, என் புடவையில் சுற்றிப் பெட்டிக்கு மேல் வைத்தேன். சரசு கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சித்தி, அத ஏன் பரண்ல வச்சீங்க அன்னைக்கு? ஞாயித்துக்கெழம ராத்திரி சாப்பாட்டுக்குத் தேடுனேன்.”

சொன்னேன். அவளிடம் மட்டும் மறைக்க முடியவில்லை. அப்பா அதை அறுக்கக் கேட்டதையும், நான் பிடுங்கிக்கொண்டதையும், கண்ணையா வீட்டு மரத்தையும் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் புடவைச் சுற்றைத் தடவிக்கொண்டிருந்தாள்.

“எங்கிட்டக் கேட்டிருந்தா குடுத்திருப்பேனே சித்தி.”

குற்றம் சொல்கிற குரலில்கூட இல்லை. வெளியே மழை பெய்கிறது என்பதுபோலச் சொன்னாள். நான் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

“இது இங்கயே இருக்கட்டும்,” என்றாள் பிறகு. “அப்பாகிட்டக் குடுங்க.”

சனிக்கிழமை சாத்தம் ஜெட்டியில் சரசு அப்பா அவளைத் தூக்கிக்கொண்டு கப்பல் ஏணியில் ஏறினார். கால் ஊன்ற முடியாதல்லவா, அதனால் கடைசிவரைக்கும் அப்பா தோளில்தான் இருந்தாள். பக்தவத்சலம் என் எதிரில் வந்து நின்று, வரேன் தங்கச்சி என்று சொல்ல முயன்று, கும்பிட்டுவிட்டுப் போனார். கப்பல் ஊதியது. சரசு அப்பா இறங்கிவந்து என் பக்கத்தில் நின்றார். பாம்பூஃப்ளாட் போகிற சின்னப் படகு ஒன்று குறுக்கே போனது. அது விலகியபோது கப்பல் திரும்பிவிட்டது, இந்தப் பக்கம் நின்ற முகங்கள் எதுவும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவரிடம் சொல்லிவிட்டேன். மரம் பச்சை. எனக்கு அப்பவே தெரியும். காய்ஞ்சதான்னு நீங்க கேட்டப்ப நான் ம்னு சொன்னது பொய்.

அவர் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தெரியும்.”

“என்ன தெரியும்?”

“துளை போடுறப்பவே தூள் ஈரமா வந்துச்சு. கப்பல் போறவரைக்கும் தினம் இறுக்கிக்கிட்டே ஓட்டிடலாம், அப்பறம் மாத்திக்கலாம்னு பாத்தேன்.” என் பக்கம் திரும்பினார். “எனக்கும் அத அறுக்க மனசு வரல மரகதம். நீ பிடுங்கினதும் நிம்மதியாத்தான் இருந்துச்சு.”

நான் புடவைச் சுற்றைப் பிரித்து மணையை அவர் முன்னால் வைத்து, பிள்ளை சொன்னதைச் சொன்னேன். அவர் அதை வெகுநேரம் மடியில் வைத்திருந்தார். மறுநாள் காலையில் அறுத்தார். ரம்பம் ஓடுகிற சத்தம் கேட்காமலிருக்க நான் நீரோடைப் பக்கம் போய்விட்டேன். திரும்பி வந்தபோது இரண்டு கட்டை தயாராக இருந்தது. ஒன்றில், மணையின் மூலையில் இந்திராணி வீட்டார் செதுக்கியிருந்த தாமரையில் பாதி இருந்தது. முதல் வேலையாகக் காலடித் துளையைத் தகரம் வைத்து அடைத்தார். ரேடியேட்டருக்கு ஒட்டுப்போட ஒரு மாதம் ஆயிற்று. அதன்பிறகு வண்டி ஓடியது.

எப்படி ஓடியது என்கிறீர்கள்! மழை, வெயில், பள்ளம், மேடு எதற்கும் அசையவில்லை. நான்கு மாதம் பார்த்துவிட்டு அவர் மச்சானுக்கு எழுதினார். வண்டி உறுதியாக நிற்கிறது, பிள்ளையை அனுப்பினால் நானே வந்து கூட்டிக்கொள்கிறேன் என்று. அடுத்த கப்பலில் பதில் வந்தது. சரசு வகுப்பில் இரண்டாவதாக வந்திருக்கிறாள், என் சம்சாரத்தோடு ஒட்டிக்கொண்டாள், இந்த வருஷம் முடியட்டும் மாப்பிள்ளை என்று எழுதியிருந்தார். அந்த வருஷம் முடிந்தது. அதற்கடுத்த வருஷம் கேட்க எங்களுக்கே வாய் வரவில்லை. சரசு எழுதுவாள். அன்புள்ள அப்பாவுக்கும் சித்திக்கும் என்று தொடங்கும். முதலில் நான்கு பக்கம், பிறகு இரண்டு, பிறகு இன்லண்டில் பாதி. எனக்குப் பிள்ளை பிறக்கவில்லை. ஊர்ப் பிள்ளைகள் அந்த ஜீப்பில் ஏறிப் படித்தார்கள். யாரும் ஒருநாளும் மணிக்குப் பிந்தவில்லை. நான் அவரைச் சரசு அப்பா என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

எழுபத்தாறில் ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. மஞ்சள் தடவிய மூலை. முகூர்த்தத் தேதியைப் பார்த்தேன். எட்டு நாள் முந்தியே முடிந்திருந்தது. வேண்டுமென்று செய்ததில்லை, கடல் கொந்தளிப்பில் கப்பல் பிந்திவிட்டது. சரசு எந்த மணையில் உட்கார்ந்தாளோ என்று எனக்கு முதலில் தோன்றியது அதுதான்.

சரசு அப்பா பத்திரிகையை இரண்டுதரம் படித்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே போனார். பானெட்டைத் திறக்கிற சத்தம் கேட்டு நானும் பின்னாலேயே போனேன். ஸ்பேனரை முதல் போல்ட்டில் வைத்துத் தம் பலத்தையெல்லாம் கொடுத்து இறுக்கினார். அது சுற்றவில்லை. அடுத்ததில் வைத்தார். அதுவும் சுற்றவில்லை.

“பத்து வருஷமாச்சு,” என்றார். “ஒரு நூல்கூட நகரல.”

ஸ்பேனரை எடுக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து வண்டியில் ஏறத் தொடங்கினார்கள்.